உங்களுக்குத் தெரியுமா? மேஜிக் நாணயத்துக்கு மறுபடியும் வெள்ளி
மேஜிக் வித்தைக்கான ‘வெள்ளி’ நாணயங்களில் சில, செம்பிலோ பித்தளையிலோ செய்து வெள்ளி முலாம் பூசியவை. நாணயம் கறுத்தால் பயம் வேண்டாம். கந்தகம் பட்டு வெள்ளி நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விளிம்பில் செம்பு நிறமோ பித்தளை நிறமோ தெரிந்தால்தான் முலாம் தேய்ந்துவிட்டது என்று பொருள். பாலிஷ் போடப் போட மிச்சமும் போய்விடும்.

தேய்ந்த நாணயத்துக்கு மறுபடி வெள்ளி பூசித் தர, 1964-இல் தொடங்கிய சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் மின்சாரத்தால் முலாம் பூசும் எலெக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள் உண்டு. 3 செ.மீ. நாணயம் முழுவதும் 10 மைக்ரான் தடிமனுக்குப் பூச 0.2 கிராம் வெள்ளிகூடத் தேவையில்லை. ஆனால் முலாம் பூசும் கரைசலில் பெரும்பாலும் கொடிய சயனைடு இருக்கும். வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. இன்னொரு நாணயத்தின் மேல் மூடிபோல் பொருந்தும் ‘ஷெல்’ நாணயமா? உட்புறத்தை மறைத்துப் பூசச் சொல்லுங்கள். அங்கே முலாம் தடித்தால் உள்ளே போகும் நாணயம் சிக்கிக்கொள்ளும்.