சென்டர் ஸ்டாண்ட்: அன்றும் இன்றும்

1950-களின் நடுவில் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியது. பின்னர் ராஜ்தூத், எஸ்டி என்று வரிசையாக வண்டிகள் வந்தன. எல்லாவற்றின் வயிற்றடியிலும் சென்டர் ஸ்டாண்ட் இருந்தது. ஓட்டப் பழகியவர்கள் கையோடு ஸ்டாண்ட் போடவும் பழகினார்கள். அன்று அதற்குத் தேவையும் இருந்தது. கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ரயில் நிலைய வண்டி நிறுத்தங்களில் இடம் மிச்சமாக எல்லா வண்டிகளும் நிமிர்ந்தே நின்றன.

ட்யூப்லெஸ் டயர் வந்தபின் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்ட முடிகிறது. எடையும் விலையும் குறைய வேண்டும், வளைவில் சாயும்போது ஸ்டாண்ட் தரையில் உரசக் கூடாது என்று ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் அதை விட்டுவிட்டார்கள். 2012-இல் வந்த கேடிஎம் டியூக் 200-இல் சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். ஸ்ப்ளெண்டர் போன்ற அன்றாட வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் இன்றும் உண்டு. ஆனால் போடுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

செயின் மட்டும் மாறவில்லை. அதைத் துடைக்கவும் எண்ணெய் விடவும் தொய்வு பார்க்கவும் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழல வேண்டும். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் வண்டியை அடியடியாக உருட்டி எண்ணெய் விடுகிறார்கள். பலர் விடுவதே இல்லை. செயினும் பற்சக்கரமும் சீக்கிரமே தேய்கின்றன.

சென்டர் ஸ்டாண்டைத் தனியாக வாங்கிப் பொருத்துவதானால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். மடக்கினால் சைலன்சரிலோ செயினிலோ இடிக்கக் கூடாது. ஸ்பிரிங் இறுக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஸ்டாண்ட் போடுவதற்குத் தோள் பலம் வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, இடது கையால் ஹேண்டில்பாரையும் வலது கையால் பின்கம்பியையும் பிடியுங்கள். ஸ்டாண்டின் இரு கால்களும் தரையில் படும்வரை வலது காலால் அழுத்துங்கள். பிறகு உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானே பின்னால் ஏறும். கையால் தூக்கினால்தான் இடுப்பு பிடிக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓடும் செயினில் விரல் சிக்கினால் துண்டாகிவிடும்.

தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் அவசியம். வண்டி முன்பதிவு செய்யும்போது விலை, மைலேஜோடு இதையும் கேளுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் போடக் கற்றுக்கொடுங்கள்.