மாசக் கடைசி – 11: பாட்டிக்கு எத்தனை அலகு?

போன வாரம் வாடகையோடு நிறுத்தினோம். சேலையூர்க் குடும்பத்தை மறுபடி அறிமுகப்படுத்தப் போவதில்லை: இரண்டு சம்பளம், கைக்கு வருவது 62,000, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது.

இந்த வாரம் பள்ளிக் கட்டணம் என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பழைய கணக்கு கையில் சிக்கிக்கொண்டது. கட்டுரை எங்கே என்று போன் மேல் போன் வந்தும் அதை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

1957 ஜூலையில் டெல்லியில் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு நடந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் போட்டார்கள். இந்தத் தொடரில் நாம் பத்து வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கேள்விதான். அவர்கள் குடும்பத்தை ‘நுகர்வு அலகு’ என்று பிரித்தார்கள். சம்பாதிக்கிற ஆண் 1. மனைவி 0.8. பிள்ளைகள் ஆளுக்கு 0.6. கூட்டினால் சரியாக 3.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது துணிக் கணக்கு. ஆளுக்கு வருஷம் 18 கஜம், குடும்பத்துக்கு 72 கஜம். பதினெட்டால் வகுத்துப் பாருங்கள், நாலு பேர் வருகிறது. அதாவது சோற்றுக்கு உட்காரும்போது பிள்ளை 0.6, துணி எடுக்கும்போது முழு ஆள். பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது இரண்டு விரற்கடை பெரிதாகவே எடுக்கும் நம் அம்மாக்கள் அந்த மாநாட்டில் யாருக்கோ பின்னால் நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு: பெண்களின் வருமானத்தையும் பிள்ளைகளின் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு ஆள் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. மனைவி சாப்பாட்டில் 0.8, வரவில் பூஜ்யம். அவள் வேலைக்குப் போகக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அவள் போகாவிட்டாலும் குடும்பம் ஓட வேண்டும் என்று அர்த்தம். இன்றைக்குச் சென்னைப் புறநகரில் இந்த விதியைப் படித்துக்காட்டினால் சிரிப்பார்கள். வீட்டுக் கடன் கொடுக்கிறவரே முதலில் கேட்பது, “மேடமும் வொர்க் பண்றாங்களா சார்?”

சாப்பாட்டு அளவை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நம்ம குன்னூரிலிருந்து. டாக்டர் அய்க்ராய்ட் பரிந்துரைத்த கலோரி என்று மாநாட்டுத் தீர்மானத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. வாலஸ் அய்க்ராய்ட் 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். அந்தக் கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டு எடை பார்த்தவர். சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுகொழுவென்று முதலிடம். மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலி கடைசி. குன்னூர்க் குளிரில் மதராஸ் சோற்றைத் தின்றுவிட்டு ஒல்லியாக உட்கார்ந்திருந்த அந்த எலியை நினைத்தால் ஏதோ சொந்தக்காரன் மாதிரி இருக்கிறது. சரி, எலி நமக்கு வேண்டாம்.

அய்க்ராய்டின் கணக்கு இன்னும் சாகவில்லை. 2016 ஜனவரி முதல் அமலான ஏழாவது ஊதியக் குழு, மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளம் 18,000 என்று சொன்னது இதே மூன்று அலகை வைத்துத்தான். அந்த அட்டவணையை மளிகை லிஸ்ட் போலவே படிக்கலாம். மாதத்துக்கு அரிசி அல்லது கோதுமை 42.75 கிலோ. பருப்பு 7.2 கிலோ. முட்டை 90. கறி 5 கிலோ, மீன் இரண்டரை கிலோ. நான் இதைச் சேலையூர் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். “நாப்பத்திரண்டு கிலோ அரிசியா? எங்க வீட்ல ஒரு சிப்பமே மாசக் கடைசில மிஞ்சுதே சார். கறிய வேணா அவங்க கணக்குப்படியே குடுக்கச் சொல்லுங்க” என்றார். ஒரு சிப்பம் என்பது 25 கிலோ, ஐந்து பேருக்கு. அவர் வாங்கும் பொன்னி 1,550 ரூபாய், மொத்த வருமானத்தில் இரண்டரை சதவீதம். நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 1999-2000இல் நகர்ப்புறக் குடும்பச் செலவில் தானியத்தின் பங்கு 12 சதவீதத்துக்கு மேல். 2022-23 கணக்கெடுப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே. நடுத்தரக் குடும்பம் இன்று அரிசிக்கு அழவில்லை.

அதே அட்டவணையில் வீட்டுக்கு எவ்வளவு தெரியுமா? 3 சதவீதம், 524 ரூபாய் 7 காசு. வீட்டு வாடகைப்படி தனியாக உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த ஏழு காசை நான் மிகவும் ரசித்தேன்.

இனிமேல்தான் என்னைக் கட்டிப்போட்ட விஷயம். 1957 அளவுகோலில் சோறு, துணி, வீடு இருந்தன. எரிபொருள், விளக்கு, இதர செலவு என்று ஒரு 20 சதவீதம் இருந்தது. பள்ளிக்கூடம், வைத்தியம், கல்யாணம், பண்டிகை, வயோதிகம் எதற்கும் தனி இடம் இல்லை. அதற்கு இடம் வாங்கிக் கொடுத்தது ஒரு மதராஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வழக்கு. ராப்டகாஸ் பிரெட் என்ற மருந்து, சத்துணவுக் கம்பெனியில் பஞ்சப்படியை எப்படிக் கணக்கிடுவது என்று கிளம்பிய தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்: பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை விசேஷம் உட்பட கொஞ்சம் பொழுதுபோக்கு, வயோதிகம், கல்யாணம் இவற்றுக்கெல்லாம் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம். ஊதியச் சட்டத்தில் இன்றைக்கும் பேசப்படும் அளவுகோல் இதுதான்.

கம்பெனியின் பெயர் புதிதாக இருக்கலாம், சரக்கு புதிதல்ல. த்ரெப்டின் பிஸ்கட் தயாரிப்பவர்கள் அவர்கள்தான். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு, ஆபரேஷன் முடிந்தவருக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் அந்த வட்ட பிஸ்கட். நம் குடும்பக் கணக்கில் வைத்தியத்துக்கும் வயோதிகத்துக்கும் இடம் வாங்கிய வழக்கு, வயோதிகர்கள் தலைமாட்டில் டப்பாவாக நிற்கும் பிஸ்கட் கம்பெனியிலிருந்து கிளம்பியது என்றால், எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

சேலையூர் வீட்டிலும் அந்த டப்பா நிற்கிறது. ஆடி மாதத்தில் பாட்டி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மகனுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு. மனைவி, பிள்ளைகள் அதில் அடக்கம், பெற்றோர் இல்லை. பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று வந்த மெயிலை, அது பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் என்பதால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூடிவிட்டாராம். மருமகளின் நெக்லஸும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. பவுன் விலை ஏறியிருப்பதால் பணம் தாராளமாகவே கிடைத்தது. விலையேற்றத்தால் இந்த வீட்டுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

நான் போனபோது பாட்டி ஒரு த்ரெப்டினை இரண்டாக உடைத்து, பாதியை மறுபடி டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது ஒரு வேளைக்கு இரண்டு. “பாதி போதும்ப்பா, நெஞ்ச அடைக்குது” என்றார். யூகேஜி படிக்கும் பேரன், “பாட்டி பொய் சொல்றாங்க, வெலை ஜாஸ்தின்னு அப்பா சொன்னாங்கல்ல” என்று போட்டு உடைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிச் செலவு ஒரு தடவை வருவது. அதை எப்படியோ தாண்டிவிடுவார்கள். அடி விழுந்தது வேறு இடத்தில். மூன்றே கால் மணிக்கு ஸ்கூல் வேன் வரும்போது கேட்டில் நிற்பது பாட்டிதான். சோறு போடுவது, கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பது, தண்ணி லாரி வந்தால் குரல் கொடுப்பது, யூகேஜிக்காரனைத் தூங்க வைப்பது எல்லாம் அவர் வேலை. அதனால்தான் மருமகள் காலையில் கிளம்பி ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார முடிந்தது. அவர் சம்பளம் 24,000. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் விசாரித்தார்கள். கேட்ட தொகை 22,000, சாப்பாடு தனி. அதற்கு நானே இருந்துவிடுகிறேன் என்று முதலில் சம்பளமில்லா விடுப்பு, பிறகு ராஜினாமா. 62,000 குடும்பம் 38,000 குடும்பமாகிவிட்டது. 1957இல் டெல்லியில் போட்ட திட்டப்படி இப்போது ஒரு ஆள் சம்பளம்.

மறுபடி அந்த அட்டவணையைப் பாருங்கள். கணவன் 1, மனைவி 0.8, பிள்ளைகள் 0.6, 0.6. பாட்டி எங்கே? இல்லை. சோற்றிலும் இல்லை, 72 கஜத்திலும் இல்லை. 1991 தீர்ப்பு வயோதிகம் என்று சொன்னது தொழிலாளியின் சொந்த வயோதிகத்துக்கான சேமிப்பை. அவன் வீட்டில் ஏற்கெனவே வயதாகி உட்கார்ந்திருக்கும் தாயை அல்ல. ஆனால் 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளை மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சோறு போடு என்று ஒரு சட்டம், அவருக்குச் சோற்றுக் கணக்கே கிடையாது என்று ஓர் அளவுகோல். பெற்றோரையும் அலகில் சேர்க்க வேண்டும் என்று சங்கங்கள் இப்போது கேட்கின்றன. கேட்கட்டும். நான் கேட்பது அதற்கும் மேலே: பாட்டியைச் செலவாக மட்டும் சேர்த்தால் போதாது. அந்த வீட்டின் இரண்டாவது சம்பளமே அவர் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. தாத்தா மில் தொழிலாளி; அவருக்குப் பின் பாட்டிக்கு வரும் குடும்ப பென்ஷன் 1,000 ரூபாய். அவர் வரவு என்று இந்த வீட்டில் யாரும் எழுதி வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

நடுத்தர வருமானம் போதுமா என்று கேட்டு எழுதியிருக்கும் மதுரை வாசகருக்கு இந்த வாரம் என் பதில்: பாட்டி நடமாடிக்கொண்டிருக்கும் வரை 62,000 போதும். சீட்டும் கட்டலாம், தீபாவளிக்குத் துணியும் எடுக்கலாம். அரசு உதவி என்று பார்த்தால் வருமான வரம்பு போட்ட இரண்டு பெரிய பட்டியல்களிலும் இவர்கள் இல்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம், முதல்வர் காப்பீட்டுக்கு 1,20,000. ஒரு சம்பளமாகச் சுருங்கிய பிறகும் இவர்களுக்கு ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேல். இன்னொரு பக்கம், 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று டெல்லி இவர்களை விட்டுவிட்டது. வரி கேட்டும் யாரும் வருவதில்லை, உதவி கொடுக்கவும் யாரும் வருவதில்லை.

பாட்டி இப்போது வாக்கர் பிடித்து ஹாலுக்கு வருகிறார். தை பிறந்ததும் வேறு வேலை தேடலாம் என்று மருமகள் சொல்கிறார். பழைய இடத்தில் ஆள் போட்டுவிட்டார்கள்.

பக்கம் முடிந்துவிட்டது, பள்ளிக் கட்டணம் அப்படியே நிற்கிறது. அடுத்த வாரம் கட்டாயம். யூகேஜி ரசீது இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ‘இதர’ என்று ஒரே வரியில் 4,800 ரூபாய் போட்டிருக்கிறது. அது எதற்கு என்று பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார் தகப்பனார். பதில் வந்தால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

(தொடரும்)