ஒரே கட்டுரையில் ஆறு பேர்: கூகுள் டாக்ஸ் எப்படி இயங்குகிறது?

குழுவாகக் கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் வழக்கமாக நடப்பது இதுதான்: கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை எழுதும், நன்றாகப் படிக்கும் பிள்ளை சொல்லும், மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தாளில் ஒரு நேரத்தில் ஒரு பேனாதான் ஓடும்.

கூகுள் டாக்ஸ் போன்ற இணையக் கருவிகளில் அந்த நெருக்கடி இல்லை. ஆறு பேரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். உச்சவரம்பு 100 பேர். ஒருவர் முதல் பத்தியில் வரி சேர்க்கும்போதே இன்னொருவர் கடைசிப் பத்தியில் சொல்லை அழிப்பார். ஆனாலும் எதுவும் குழம்புவதில்லை. எப்படி? அது புரிந்துவிட்டால், வகுப்பில் இந்தக் கருவியை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதும் புரிந்துவிடும். அதற்கு ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுக்குள் போக வேண்டும்.

எல்லோரிடமும் ஒரு பட்டியல்

ஒரு மூலையில் அடுப்புகள், இன்னொரு மூலையில் காய் நறுக்கும் இடம், அப்பால் சாமான் அறை. இலையில் பரிமாற வேண்டியவற்றின் பட்டியல் மூன்று இடத்திலும் ஒட்டியிருக்கிறது: 1. இனிப்பு, 2. ஊறுகாய், 3. கூட்டு, 4. பொரியல், 5. அப்பளம். அசல் பட்டியல் மாஸ்டரின் நோட்டில் இருக்கிறது.

யாருக்காவது மாற்றம் தேவைப்பட்டால், முதலில் தன் நகலில் திருத்திக்கொண்டு மாஸ்டருக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். முழுப் பட்டியலையும் எழுதி அனுப்ப வேண்டாம். என்ன மாற்றம், எத்தனையாவது இடத்தில், மாஸ்டரிடமிருந்து எந்த எண் சீட்டுவரை பார்த்துவிட்டு இதைச் செய்தேன் என்ற மூன்று விவரம் போதும். மாஸ்டர் சீட்டுக்கு வரிசை எண் போட்டு மற்ற இடங்களுக்கும் சொல்லி அனுப்புவார்.

டாக்ஸிலும் இதே ஏற்பாடுதான். மாணவி ஒரு எழுத்தைத் தட்டியதும் அவள் திரையில் உடனே விழுகிறது. ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்’ என்ற சிறு செய்தி பின்னாலேயே கூகுளின் சர்வருக்குப் போகிறது. சர்வர்தான் மாஸ்டர்.

கூட்டு போன கதை

சிக்கல் இங்கே தொடங்குகிறது. ‘இனிப்புக்கு அடுத்துப் பச்சடி சேர்’ என்று காய் நறுக்குபவர் சீட்டு அனுப்புகிறார். அதே நிமிடத்தில், பீன்ஸ் வரவில்லை என்று அடுப்படியிலிருந்து ‘4ஆவதை எடுத்துவிடு’ என்று ஒரு சீட்டு கிளம்புகிறது. அடுப்படிக்காரர் சொல்வது பொரியலை. ஆனால் பச்சடி நுழைந்ததும் எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டன. இப்போது 4ஆம் இடத்தில் இருப்பது கூட்டு. எழுதியதை எழுதியபடி செய்தால் கூட்டு போய்விடும், வராத பீன்ஸுக்காகப் பொரியல் பட்டியலிலேயே நிற்கும்.

நல்ல மாஸ்டர் சீட்டின் மூன்றாவது விவரத்தைப் பார்ப்பார். ‘இவர் பச்சடி வந்ததைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார், ஆகவே இவருடைய 4 என்பது நமக்கு 5’ என்று திருத்திவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுவார். இப்படி இடத்தை மாற்றிக் கணக்கிடும் முறைக்கு ‘ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்று பெயர். 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1995இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஜூபிடர் அமைப்பு, நடுவில் ஒரு சர்வரை வைத்து இந்தக் கணக்கை எளிதாக்கியது. கூகுள் 2006இல் ரைட்லி என்ற இணைய எழுதுகருவியை வாங்கியது; அதிலிருந்து வளர்ந்ததுதான் டாக்ஸ். 2010இல் வந்த புதிய டாக்ஸில் அடுத்தவர் தட்டுவதை எழுத்துக்கு எழுத்து பார்க்க முடிந்தது.

தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. ‘மழை வந்தது’ என்பது கணினிக்கு 10 குறிகள். ‘ழை’ நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடில் ‘ழ’ ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளிக்கும் தனி இடம் உண்டு. ஒரு மாணவன் 10ஆம் குறிக்குப் பின் முற்றுப்புள்ளி வைக்கிறான். அதே கணத்தில் தோழி முன்னால் ‘பெரு’ சேர்க்கிறாள். அது 4 குறிகள். இடத்தைத் திருத்தாமல் விட்டால் ‘பெருமழை வந்தது’ என்பதில் 10ஆம் குறியான ‘ந’வுக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே முற்றுப்புள்ளி போய் உட்காரும், மெய்யை இழந்த புள்ளி தனியே தொங்கும். 10ஐ 14 ஆக்கியபின் எல்லாம் சரி.

மாஸ்டர் ருசி பார்ப்பதில்லை

இந்த மாஸ்டர் பட்டியலை மட்டுமே பார்ப்பார், ருசி பார்க்க மாட்டார். ‘பள்ளிக்கு போனான்’ என்ற வரியில் ஒற்று விட்டுப்போனதை இருவர் ஒரே நேரத்தில் கவனித்து ஆளுக்கொரு ‘ப்’ போட்டால், இரண்டும் ஏறி ‘பள்ளிக்குப்ப் போனான்’ என்று நிற்கும். அனைவர் திரையிலும் ஒரே பிரதி இருக்கும் என்பதற்கு மட்டுமே கருவி உத்தரவாதம். அந்தப் பிரதி நன்றாக இருப்பது எழுதுபவர்கள் பொறுப்பு. எனவே ஆறு பேரையும் ஒரே வாக்கியத்தில் மோதவிடாமல் ஆளுக்கொரு பத்தி பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பத்தியைத் தொட விரும்புபவர் பரிந்துரை முறையில் எழுதட்டும். அது ‘செய்துவிட்டேன்’ என்று வரும் சீட்டு அல்ல, ‘செய்யலாமா?’ என்று கேட்கும் சீட்டு. எழுதியவர் ஏற்கலாம், தள்ளலாம். ஏன் தள்ளினாய் என்ற கேள்வியிலிருந்து ஒரு நல்ல மொழிப்பாடமே தொடங்கிவிடும்.

கம்பியில் குத்திய சீட்டுகள்

மாஸ்டர் சீட்டுகளைக் கிழித்துப் போடுவதில்லை. கம்பியில் வரிசையாகக் குத்தி வைக்கிறார். டாக்ஸில் ‘பதிப்பு வரலாறு’ என்பது அந்தக் கம்பிதான். யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை அழித்தார் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். வகுப்புக்குப் பெரிய லாபம் இதுதான் என்பேன். நோட்டில் ஆசிரியர் பார்ப்பது எழுதி முடித்த கட்டுரையை. இங்கே எழுதும் வழியே தெரிகிறது: முதல் வரியை நான்கு முறை மாற்றிப் பார்த்த பிள்ளை, மற்றவர் பத்திக்கு ஒற்றுப்பிழை திருத்தியே நேரம் கழித்த பிள்ளை, ஒரு சொல்லும் சேர்க்காத பிள்ளை.

ஒரு முழுப் பத்தி ஒரே சீட்டாக வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ ஒட்டியது. உடனே காப்பி என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் அலைபேசியில் எழுதி வைத்துக் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். கூப்பிட்டு, ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை: சீட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே கணக்கில் நுழைந்தால் கம்பி முழுக்க ஒரே பெயர்தான். ஆளுக்கொரு கணக்குத் தர முடியாத பள்ளியில் ஈத்தர்பேட் உதவும். 2008இல் வந்த இந்தக் கருவியின் மூலநிரல் 2009 டிசம்பரில் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது. கணக்கே இல்லாமல், பெயரைத் தட்டி நிறத்தைத் தேர்ந்தெடுத்து எழுதத் தொடங்கலாம்; எழுதியதைத் தொடக்கத்திலிருந்து படம்போல ஓட்டியும் பார்க்கலாம்.

கருவியை மாற்றிவிட்டு மதிப்பெண் போடும் முறையைப் பழையபடியே வைத்தால் பயனில்லை. முடிந்த கட்டுரைக்குப் பாதி, வரலாற்றில் தெரியும் திருத்தத்துக்குப் பாதி என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். முதலில் எழுதியதே முடிவு என்றிருந்த பிள்ளைகள், எழுதியதைத் திரும்பப் படிக்கத் தொடங்குவார்கள்.