பேட்ச் அனுப்பியாச்சு, அப்புறம்?

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணுவதால் வரும் வினை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே மூன்று என்று சொல்லிவிடும். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுத் தருகிறது ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு. ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று வளர்க்க, பலரும் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்தது அது. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம்.

திருத்தலாம் என்ற இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. யார் திருத்தினாலும் அதைச் சோதித்துச் சேர்க்க ஒருவர் வேண்டுமே.

பெரிய காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் ஏகாம்பரநாதரைத் தரிசித்துவிட்டுப் பட்டுக்கடைக்குள் நுழைவார்கள். அதே ஊர்ப் பெயரில் இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு அவர்கள் கண்ணில் படுவதில்லை. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஞாயிறு மாலைகளில் இணையவழி கூடிப் பேசும் குழு அது. இதில் நெடுநாளாக இயங்கிவரும் த. சீனிவாசன்தான் 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கியவர். ஸ்கேன் செய்த பழைய புத்தகப் பக்கங்களை எழுத்தாக்கி விக்கிமூலத்தில் ஏற்றும் ஒரு கருவியையும் அவர் எழுதினார். தமிழுக்கென்று பிறந்த அது வங்காளம் போன்ற பிற இந்திய மொழி விக்கிமூலங்களுக்கும் போனது. இப்படிப்பட்ட கருவிக்கு வங்காளத்திலிருந்து ஒரு திருத்தம் வந்தால், அந்த எழுத்தையே வாசிக்கத் தெரியாதவர் அதை எப்படிச் சோதிப்பார்?

இப்படி வரும் திருத்தத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர். அது முழு நிரல் அல்ல, மாற்றம் மட்டும். நீக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அனுப்ப ஐந்து நிமிடம் போதும். வாங்குகிறவர் அதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, வேறெங்கும் உடைகிறதா என்று கவனித்து, பிறகே சேர்க்க முடியும். சேர்த்தபின் அனுப்பியவர் வேலை மாறிக் காணாமல் போகலாம். அந்த வரிகளோ பராமரிப்பாளரின் தலையில்தான். தன்னார்வத் திட்டங்களில் நிரல் எழுத ஆள் கிடைத்துவிடுகிறது. பிறர் எழுதியதை உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

2020 அக்டோபரில் இந்தச் சுமை கேலிக்கூத்தாகவே ஆனது. ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்ச்சியில் நான்கு பங்களிப்பு அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம். விளக்கக் கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரி சேர்த்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பித் தள்ளினார்கள். நம் நாட்டு மாணவர்களின் கைங்கரியமும் அதில் கணிசம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அக்டோபர் மூன்றாம் தேதிக்குள்ளேயே விதி மாறியது: தாமாகப் பெயர் கொடுத்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே இனி கணக்கில் சேரும்.

குப்பையை அடையாளம் காண்பதாவது சுலபம். நல்ல எண்ணத்தோடு வரும் பிழைதான் ஆபத்து. இணையத் தொடர்புகளைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்-எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு ஜெர்மனியின் ஆய்வு மாணவர் ஒருவர் அனுப்பிய பேட்ச் 2011 டிசம்பர் 31 இரவு சேர்க்கப்பட்டது. வரும் தகவலின் நீளம் சொன்னபடிதான் இருக்கிறதா என்று சோதிக்கும் படி விட்டுப்போயிருந்தது. எழுதியவர் கவனிக்கவில்லை, சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரில் அது வெளிவந்தபோது சுமார் ஐந்து லட்சம் இணைய வழங்கிகள் திறந்து கிடந்தன. அத்தனை பேர் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேர ஆள் ஒருவர். பழியை அந்த இருவர் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய பெரிய நிறுவனங்கள் ஒரு நாளாவது அந்த வரிகளைப் படித்தனவா?

பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் மோசம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலை லாஸ்ஸே காலின் தனியாளாகப் பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாகப் பேட்ச் அனுப்பினார். ‘ஏன் தாமதம், வேறொருவரிடம் கொடுங்களேன்’ என்று முகம் தெரியாத பெயர்கள் காலினை நெருக்கின. களைத்திருந்தவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் கள்ள வாசல் ஒன்று ஒளிந்திருந்தது. வழங்கிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் துருவியதில்தான், மார்ச் 29 அன்று அது அம்பலமானது.

பொறுப்பு யாருடையது என்று வெளிப்படையாக எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒவ்வொரு பேட்சின் அடியிலும் அனுப்பியவர் தன் பெயரில் ஒப்பமிட வேண்டும் என்ற வழக்கம் 2004இல் வந்தது. கைமாற்றி மேலே அனுப்புகிறவரும் அதன் கீழே ஒப்பமிடுவார். எந்தப் பகுதியை யார் பார்க்கிறார் என்ற பட்டியலும் நிரலோடே வருகிறது. ஆள் இல்லாத பகுதிக்கு எதிரே ‘அனாதை’ என்று பச்சையாக எழுதிவைப்பார்கள். நம் தமிழ்த் திட்டங்கள் பலவற்றில் அந்தப் பழக்கம் இல்லை. பராமரிப்பாளர் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்று தெரியாமல் பேட்சுகள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. விலக நினைப்பவருக்கு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ‘ஆர்க்கைவ்’ என்ற வசதி இருக்கிறது. அழுத்தினால் திட்டம் படிக்க மட்டும் திறந்திருக்கும், புதிய பேட்ச் எதுவும் ஏற்காது. தொடர விரும்புகிறவர் பிரதி எடுத்துத் தன் பெயரில் நடத்திக்கொள்ளலாம்.