இரும்புத் தொட்டிப்பாலம்

ஆற்றைக் கடந்து மக்கள் செல்லப் பாலம் அமைப்பது எங்கும் இயல்பு. ஆற்றின்மேல் ஒரு கால்வாயே படகுகளைச் சுமந்து செல்லுமாயின் அது வியப்பன்றோ! வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், டீ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் அத்தகைய தொட்டிப்பாலம் ஒன்று உளது. பொன்ட்கசுல்தே என்பது அதன் பெயர். தாமஸ் டெல்போர்டு, வில்லியம் ஜெசப் என்னும் பொறியியல் வல்லுநர் இருவர் 1795-இல் தொடங்கிய அப்பணி 1805-இல் முற்றுப்பெற்றது.

அதற்கு முன்னைய கால்வாய்ப் பாலங்கள் பெரும்பாலும் கல்லால் ஆயவை. நீர் கசியாதிருக்கும்பொருட்டு அவற்றின் உட்புறத்தே பிசைந்த களிமண்ணைத் தடிப்பாக இடுவர். அப்பெருஞ்சுமையைத் தாங்கப் பருத்த தூண்கள் வேண்டும். இங்கோ பாலம் ஆற்றுக்குமேல் ஏறத்தாழ 126 அடி உயர வேண்டியிருந்தது. ஆதலின் களிமண்ணை விடுத்து, வார்ப்பிரும்புத் தகடுகளை மரையாணிகளாற் பிணைத்துத் தொட்டியாக்கினர். சுமை குறைந்தது, கற்றூண்கள் பதினெட்டும் மெலிந்து நெடிதுயர்ந்தன. படகு ஏறினால் தொட்டி சுமை தாங்காது முறியுமோ எனின், முறியாது. மிதக்கும் படகு தன் எடைக்கு நிகரான நீரை விலக்கிவிடுதலின், தொட்டியின்மீது சுமை மிகுவதில்லை.

புகைவண்டி பெருகியபின் வாணிகப் படகுகள் அருகின. 1944-இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று இக்கால்வாயிற் படகுப் போக்குவரத்தைக் கைவிட இடந்தந்தது. எனினும், டீ ஆற்றின் நீரைக் குடிநீர்த் தேக்கத்துக்குக் கொண்டுசெல்ல இக்கால்வாய் வேண்டப்பட்டமையால், அது தூர்ந்துபோகாது தப்பியது. அந்நாளில் அதனைக் காத்தது பழைமைப் பற்றன்று, தண்ணீர்த் தேவையே என்பது நோக்கத்தக்கது. 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாலத்தையும், இதனையடுத்த கால்வாயில் 11 மைல் நீளத்தையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இன்று உலாப் படகுகள் அதன்மேற் செல்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியின் அடியிலுள்ள அடைப்பை நீக்கி, நீரை ஆற்றில் வடித்து, தகடுகளையும் மூட்டுகளையும் ஆராய்ந்து செப்பனிடுகின்றனர்.