பத்துப் பேரா, நாற்பது பேரா? - வகுப்பறைக் கணக்கெடுப்பு

கணக்கெடுப்பு என்றதும் அரசாங்க ஆள் நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து நிற்பதுதான் நம் நினைவுக்கு வரும். ஏழு வயதுப் பிள்ளையும் அதைச் செய்யலாம். 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், எத்தனை குதிரைவால் சடை என்று கேட்டே ஒரு பாடம் இருந்தது.

சித்தூரிலும் திருப்பதியிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது நான் மாம்பழத்தில்தான் தொடங்குவேன். "உனக்கு ரொம்பப் பிடிச்ச மாம்பழம் எது?" பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், கிளிமூக்கு என்று நான்கு கட்டம் போடுவோம். உடனே ஒரு குட்டி, "எனக்கு எல்லாமே பிடிக்கும்" என்பாள். இன்னொருவன், "எனக்கு மாம்பழமே வேணாம்" என்பான். அதனால் இரண்டு விதி வேண்டும்: ஒருவருக்கு ஒரே பதில், 'எதுவும் இல்லை' என்று ஐந்தாவது கட்டம்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு. நான்கு கோடு நின்றபின் ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஐந்தைந்தாக எண்ணிவிடலாம். கடைசியில் கோடுகளின் கூட்டுத்தொகையும் வகுப்பில் உள்ள தலைகளும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒரே அளவுள்ள காலித் தீப்பெட்டிகளை அடுக்கினால் எது அதிகம் என்று கண்ணுக்கே தெரியும்.

அடுத்து மொழி. 24 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். "நீ என்ன மொழி பேசுவே?" என்று கேட்டால் 20 பேர் தெலுங்கு என்று சொல்லக்கூடும். "அம்மா உன்கிட்ட என்ன மொழி பேசுவாங்க?" என்று கேட்டால் 11 பேர் தமிழ் என்று சொல்லலாம். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். கேள்வி மாறியது, எண் மாறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி என்று வரையறுத்தார்கள். தெரிந்த பிற மொழிகளை, இரண்டு வரை, தனியாகக் குறித்தார்கள்.

இந்த எண்ணுக்கு நம்மைப் போன்றவர்களிடத்தில் தனி மதிப்பு உண்டு. 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பள்ளி முழுவதிலும் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் தொடக்கக் கல்வியை அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவும் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு அந்த வசதியைச் செய்துதர முயலுமாறு மாநிலங்களுக்குச் சொல்கிறது. மேலே சொன்ன வகுப்பில் 11 என்பது பத்தைத் தாண்டிய எண். நான்கு பேர் என்று எழுதினால் கேட்கவே வழியில்லை.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்ற கட்டத்தை அவசரத்தில் நிரப்பிவிடுகிறோம். "வீட்டுல தமிழ்தான், ஆனா படிக்கிறது தெலுங்கு, அதையே போட்டுடலாம்" என்பவர்கள் உண்டு. அந்தக் கட்டம் கேட்பது வேறு கேள்வி. மாம்பழக் கணக்கெடுத்த பிள்ளையிடம் படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் வாசித்துவிட்டுத்தான் எழுதும்.