குரைத்தலைக் குறைத்தல்

‘நாய் குறைத்தது’ என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் சிலர் ஆண்டுதோறும் நம்மிடம் அகப்படுகின்றனர். வல்லின றகரத்தை அடித்துவிட்டு இடையின ரகரத்தைச் சிவப்பு மையால் எழுதுவது நம் தொழிலின் ஒரு பகுதி. குரைத்தல் என்பது ஒலித்தல். குறைத்தல் என்பது அளவைச் சுருக்குதல். குரைகடல், குரைகழல் என்னும் வழக்குகளை நோக்கின், முன்னாளில் கடலும் கழலும்கூடக் குரைத்தன என்பதும், அச்சொல் பின்னர் நாய்க்கே உரியதாய் ஒதுங்கிற்று என்பதும் விளங்கும். இவ்விரு சொற்களையும் ஒரே தொடரில் வைத்து எண்ண வேண்டிய தேவை எம் இல்லத்திலேயே எழும் என்று நாம் எதிர்பார்த்ததில்லை.

எம் வீட்டின் பின்புறம் சிறு தென்னந்தோப்பும் ஆட்டுத் தொழுவமும் உள்ளன. இருமுறை ஆடு களவு போனபின், காவலுக்கென நாட்டு நாயின் குருளை ஒன்றைக் கொணர்ந்தோம். (நாயின் இளமைப் பெயர் குருளை என்பது தொல்காப்பிய மரபியல். குட்டி, பறழ் என்பவற்றையும் அந்நூல் விலக்கவில்லை. ஆதலால் குட்டி என்று எழுதும் மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை.) முஸ்லிம் வீட்டில் நாயா என்று வினவிய பெரியவர்களும் உளர். வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வளர்க்க மார்க்கத்தில் இடமுண்டு என்பதையும், அது வீட்டினுள் வருவதில்லை என்பதையும், அதன் எச்சில் பட்ட ஏனத்தை ஷாஃபி மத்ஹபின்படி ஒருமுறை மண்ணிட்டு ஏழு முறை கழுவுகிறோம் என்பதையும் எடுத்துரைத்தோம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பிழை பொறுக்கப்பட்டதைக் கூறும் நபிமொழியை அவர்களே நமக்கு நினைவூட்டி விடைபெற்றனர்.

குருளை வளர்ந்தது, குரலும் வளர்ந்தது. முன்வாயிலை ஒட்டிய வேப்பமரத்தில் அதைக் கட்டியிருந்தோம். தெருவில் மிதிவண்டி சென்றால் குரைக்கும். பால்காரர் வந்தால் குரைக்கும். எவரும் வராவிடினும் குரைக்கும். ஒருநாள் வைகறையில், அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாயிலில் வந்து நின்றார். அண்மையில் இதய மருத்துவம் செய்துகொண்டு திரும்பியவர். “தம்பி, உங்கள் நாய் நல்ல காவல்தான். ஆனால் எங்கள் கண்ணுக்குள் தூக்கம் நுழையாமலும் அதுவே காவல் காக்கிறது” என்றார். சினந்திருந்தால் நாமும் ஏதேனும் மறுமொழி கூறியிருப்போம். அவர் புன்னகையோடு கூறியதால் நாணி நின்றோம். குடியிருப்புப் பகுதியின் இரவொலிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. அவர் எந்த விதியையும் எடுத்துக் கூறவில்லை.

அன்று மாலை எம் வீட்டில் நடந்த கலந்துரையாடலில், பக்கத்து ஊர்ச் சந்தையில் நாயைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்தாயிற்று. பள்ளியில் பயிலும் எம் மகன் மட்டும், “வாப்பா, அது எதற்காகக் குரைக்கிறது என்று யாராவது பார்த்தோமா?” என்று கேட்டான். நாம் பார்த்ததில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகியும், கிடைத்த நூல்களைப் பயின்றும், அதன்பின் நாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

குரைப்பின் வகைகள்

நாயின் உறவினமாகிய ஓநாய், வளர்ந்த பின்னர் அரிதாகவே குரைக்கும். மனிதரோடு வாழத் தொடங்கிய நாயோ காலம் இடம் நோக்காது குரைக்கும். அது நம்மை நோக்கிப் பேசப் பழகிய குரல் என்று கருதுவோர் உளர். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டு ஆட்டு நாயினம் ஒன்றின் குரைப்பொலிகளைப் பல்வேறு சூழல்களில் பதிவு செய்து மனிதர்களுக்குக் கேட்கச் செய்தனர். 2005இல் வெளியான அவ்வாய்வில், எச்சூழலில் எழுந்த குரல் எதுவென்பதைக் கேட்டோர் குருட்டு ஊகத்தைவிட மிகுதியாகவே சரியாக உணர்ந்தனர். நாய் வளர்த்த பழக்கம் இல்லாதவர்க்கும் அது கைகூடிற்று. தாழ்ந்த குரலில், கரகரப்பாக, இடைவெளியின்றி எழுவது எதிர்ப்பு. உயர்ந்த குரலில், விட்டுவிட்டு எழுவது தனிமையாகவோ அச்சமாகவோ விளையாட்டாகவோ இருக்கலாம். ஆக, பொருளறியும் செவி நமக்கு உண்டு, செவிசாய்ப்பதுதான் இல்லை.

நாமறியாத ஒலிகளும் அதற்குக் கேட்கின்றன. மனிதச் செவி எட்டும் மேலெல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். நாயின் செவியோ 45,000 அளவுக்கும் எட்டும். எவருமில்லாத இரவில் அது வீணே குரைக்கிறது என்று நாம் முடிவு கட்டுவது அவசரமே. நோய், வலி, முதுமையில் வரும் மனத்தடுமாற்றம், செவிப்புலன் குன்றல் ஆகியவற்றாலும் குரைப்பு மிகும். அமைதியாயிருந்த நாய் திடீரென ஓயாது குரைக்கத் தொடங்கினால் முதலில் நாட வேண்டியவர் மருத்துவரே.

நாமே பயிற்றுவித்த பாடம்

மருத்துவரின் அறிவுரைப்படி ஒரு வாரம் குறிப்பேடு எழுதினோம். நாய் குரைத்த நேரம், அப்போது தெருவில் நிகழ்ந்தது, நாம் செய்தது என மூன்று பத்திகள். முதலிரண்டு பத்திகள் எதிர்பார்த்தபடியே அமைந்தன. காலை ஐந்து மணிக்குப் பால்காரர். இரவு பதினொரு மணிக்குப் பணி முடிந்து திரும்புவோரின் மிதிவண்டிகள். இடையிடையே அழைப்பு மணி. நம்மைத் திகைக்க வைத்தது மூன்றாம் பத்திதான்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் நாய் குரைத்தால், சன்னல் வழியே ‘சும்மா இரு’ என்று உரக்கக் கூவுவது நம் வழக்கம். அது நாய்க்குக் கண்டிப்பாகப் புலப்படுவதில்லை. வீட்டுத் தலைவனும் உடன் சேர்ந்து குரைக்கிறான் என்றே அதற்குப் படுமாம். இரவில் உறக்கம் கெடும்போது எழுந்து சென்று ரொட்டித் துண்டு ஒன்றை எறிந்துவிட்டு வருவோம். ஓசை அடங்கும். நாயை அடக்கினோம் என்று நாம் எண்ணினோம். குரைத்தால் ரொட்டி வரும் என்று நாய் கற்றுக்கொண்டது. தெருவில் செல்வோர் வகையிலும் இதுவே. அவர் தம் வழியே போகிறார். நாயோ, தான் குரைத்ததால் அவர் ஓடினார் என்று கணக்கிடுகிறது. நாள்தோறும் வெற்றி, நாள்தோறும் பரிசு! மணியோசைக்கு நாயின் வாயில் நீரூறச் செய்யலாம் என்று ரஷிய அறிஞர் பாவ்லவ் மெய்ப்பித்தது ஆய்வுக்கூடத்தில். அத்தகைய பயிற்சியையே நாம் அறியாமல் வேப்பமரத்தடியில் நடத்தி வந்துள்ளோம்.

ஆகவே சிகிச்சை நம்மிடத்தே தொடங்கிற்று. முதலில், கட்டும் இடத்தை வாயிலிலிருந்து தொழுவத்தருகே மாற்றினோம். இரும்புக் கதவின் இடைவெளிகளை ஓலைத் தட்டியால் மறைத்தோம். காணாததைக் குறித்துக் குரைப்பது பாதியாய்க் குறைந்தது. காலையும் மாலையும் அரைமணி நேரம் தோப்பைச் சுற்றி உலாவச் செய்தோம். அலுத்த உடல் உறங்கும். சட்டமும் இதையே வேண்டுகிறது என்பது பலர் அறியாத செய்தி. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டிவைக்கும் நாயை உலாவச் செய்யாது புறக்கணித்தலையும், மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணித்தலையும், தக்க காரணமின்றி அதைக் கைவிடுதலையும் வதை என்றே கூறுகிறது. சந்தைத் தீர்மானத்துக்குக் கைதூக்கிய எம் வீட்டார்க்கு இதைப் படித்துக் காட்டினோம்.

அடுத்து, குரைக்கும் வேளையில் கூவுவதில்லை, எறிவதில்லை, எட்டிப் பார்ப்பதுமில்லை என்று முடிவு செய்தோம். குரைப்பு நின்று சிறிது நேரம் அமைதி நிலவினால் மட்டும் அருகே சென்று, தாழ்ந்த குரலில் ‘போதும்’ என்று சொல்லி, அவித்த கறித்துண்டு ஒன்றைக் கொடுத்தோம். அமைதியின் அளவைச் சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என நீட்டினோம். நாளடைவில் ‘போதும்’ என்ற சொல்லே போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பரிசு நின்ற முதற்சில நாள்களில் குரைப்பு குறையாது, கூடும். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்கவில்லையெனில் நாம் இன்னும் ஓங்கித் தட்டுவதில்லையா? அதுபோலத்தான். எம் நாய் நான்காம் இரவு குரைத்த குரைப்பை இன்றும் மறக்கவில்லை. அவ்வேளை மனந்தளர்ந்து ஒரு துண்டு ரொட்டியை எறிந்துவிட்டால், இன்னும் உரத்து, இன்னும் நெடுநேரம் குரைக்க வேண்டும் என்ற புதுப்பாடம் அதற்குக் கிட்டும். என்றேனும் ஒருநாள் விழும் பரிசை நம்பியே ஓயாமல் பரிசுச்சீட்டு வாங்குவோரைப் போல, எப்போதாவது கிடைக்கும் ரொட்டி எப்போதும் கிடைப்பதைவிட வலிய பற்றை விளைக்கும். இதை முன்னரே அறிந்திருந்ததால், அடுத்த வீட்டு ஐயாவிடம் சென்று, “ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும்; முதலில் மிகும், பின்னரே தணியும்” என்று கூறியிருந்தோம். அவர் அவ்வாரம் தம் மகள் வீட்டுக்குச் சென்று தங்கினார். நம் வீட்டு ஓசைக்காக ஒரு முதியவர் ஊர் பெயர்ந்தார் என்பது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

அழைப்பு மணிக்கு வேறு வழி கையாண்டோம். மகன் அம்மணியோசையைப் பதிவு செய்து, கேட்டும் கேளாத அளவில் ஒலிக்கச் செய்து, நாய் வாளாவிருக்கும்போது கறித்துண்டு கொடுத்து, நாள்தோறும் ஓசையைச் சிறிது சிறிதாகக் கூட்டினான். வேட்டுச் சத்தத்துக்கு அஞ்சும் நாய்களையும் பண்டிகைக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி இவ்வாறு பழக்கலாம் என்பர்.

செய்யத் தகாதனவும் உள. அடித்தால் அச்சம் பெருகும்; அச்சமே குரைப்பின் வேர்களுள் ஒன்று. கயிற்றால் வாயைக் கட்டுதல் கொடுமை மட்டுமன்று, உயிருக்கே கேடு. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய்திறந்து இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010இல் தடை செய்தது. குரல்நாண்களை அறுக்கும் முறையை 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை விலக்கியது.

இரு மாதங்களில் எம் நாய் திருந்திற்று என்று எழுத ஆசைதான். முற்றும் திருந்தவில்லை, பால்காரரோடு அதற்கு இன்னும் ஏதோ தீராத வழக்குண்டு. ஆயினும் இரவு அமைதியாயிற்று. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் நள்ளிரவில் தாழ்ந்த குரலில் இடைவிடாது குரைத்தது. சன்னலைத் திறந்து கூவாமல், கைவிளக்கோடு தொழுவத்துக்குச் சென்றோம். வேலியோரம் கயிறும் கோணிப்பையும் கிடந்தன, கொண்டுவந்தவர் ஓடிவிட்டார். திரும்பிப் பார்த்தால், மதிலுக்கு அப்பால் இன்னொரு விளக்கு. “இது வேறு குரைப்பாயிற்றே தம்பி, அதனால்தான் எழுந்து வந்தேன்” என்றார் ஆசிரியர்.